நாலு புத்தகத்துக்கு ஒரு அட்டை

முதல்ல தப்புப் பண்ணது வால்ட்டருதாம்மா. அதை முதல்ல எழுதிக்கங்க. ஓ, ஃபோன்ல பதிவாகுதா? அப்ப அதுலயே இருக்கட்டும், அழிச்சிராதீங்க. கீழ் வீட்டு வால்ட்டரு எனக்குத் தப்புப் பண்ணாரு. நான் பண்ணதெல்லாம் அதுக்கப்புறந்தான்.

உக்காருங்க. நாகலக்ஷ்மின்னா சொன்னீங்க? வால்ட்டரோட மகளும் நீங்களும் ஒரே ஆஸ்பத்திரியா, சரி. ஹானாவே வந்திருக்கலாம். வந்துதான் என்ன, அது பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அதுக்குப் புரியாது. அதான் தமிழ் தெரிஞ்ச ஆளா பாத்து அனுப்பியிருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு. என்ன கேட்டுட்டு வரச் சொல்லுச்சு, இன்னொருக்கா சொல்லுங்க... ம். அவங்கப்பா அன்னிக்கு அவ்வளவு பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு எதுக்கு மாடிப்படி ஏறுனாரு, யாரைப் பாக்க வந்தாரு. இதான?

சொல்றேன். எனக்கு வரிசையா சொன்னாத்தான் வரும். நடுவுல இருந்து ஆரம்பிச்சா எல்லாரும் என்னையத்தான் குத்தம் சொல்லுவாங்க.

நான் சிவகாசிங்க. எட்டாப்பு பாதியில நின்னவன். நாப்பத்தோரு வருஷம் பைண்டிங். டைரி, பில் புக்கு, கோயில் ரசீது, அகராதி, எல்லாம் என் கையில தையல் வாங்கிட்டுத்தான் வெளிய போகும். சேனாபதி தச்ச புத்தகம்னா தூக்கி எறிஞ்சாலும் பிரியாது. எங்க வீட்டம்மா மரகதம் போனப்புறம், மகன் ஜெயபிரகாஷ் கிரீன் கார்டு போட்டு அமெரிக்காவுக்குக் கூட்டியாந்துட்டான். பிளெய்ன்ஸ்பரோன்னா என்னமோ பெரிய ஊருன்னு நெனச்சேன். பாத்தா அபார்ட்மென்ட்டு, அபார்ட்மென்ட்டு, அதுக்கு நடுவுல வாத்து. அதுக பண்ற அசிங்கத்துல புல்லுல கால் வைக்க முடியாது. காலையில ஆறே முக்காலுக்கு இவங்க ரெண்டு பேரும் ட்ரெயினுக்குப் போயிருவாங்க, மருமக எழிலரசி ராத்திரி ஏழரைக்குத்தான் வரும். அதுவரைக்கும் நான், ஃப்ரிட்ஜு, ஜன்னல். கார் ஓட்டத் தெரியாதவனுக்கு இந்த ஊருல காலு எதுக்குன்னே தெரியல.

ஒரு நாளு கீழ போறேன், இந்த மனுசன் குப்பைத் தொட்டிகிட்ட நிக்காரு. கையில தண்டியா ஒரு அகராதி, முதுகு கிழிஞ்சு ரெண்டா தொங்குது. போட மனசில்லாம போடப் போறாரு. நோ நோன்னு ஓடிப்போய் பிடுங்கிட்டேன். அவரு பயந்துட்டாரு, யார்றா இந்தக் கிழவன்னு. அவரு என்னைய விடப் பெரிய கிழவன், எம்பத்தி ரெண்டு. மூணாம் நாளு தச்சு, மைதா பசை காய்ச்சி ஒட்டி, புது அட்டை போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். பிரிச்சுப் பாத்தாரு. மூடினாரு. மறுபடி பிரிச்சாரு. அந்த முதுகைத் தடவுனாரு பாருங்க, எங்க முதலாளி நாப்பது வருஷத்துல ஒரு தடவை அப்படித் தடவுனதில்ல.

அப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்குக் காப்பி. அவரு வீட்ல. பால் இல்லாத காப்பி, கஷாயம் மாதிரி. குடிச்சேன். மெதுவா பேசுவாரு. அவருக்கும் இங்கிலீஷு இங்க வந்து படிச்சதுதான, ஜெர்மன்காரரு. மருந்துக் கம்பெனியில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவரு. பாதி வார்த்தை, பாதி கை. எனக்கு எல்லாம் வெளங்குச்சு. ஜெயபிரகாஷ் சிரிப்பான். என்னப்பா, ரெண்டு பேரும் என்ன பாஷையில பேசுறீங்கன்னு. உன்கிட்டப் பேசுறதை விட அதிகம் பேசுறோம்டான்னேன்.

வாத்தியத்தைப் பாத்திருக்கீங்களா? போலீஸ் ஃபோட்டோவுல பாத்தீங்களாக்கும். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். ஆனா வீணைக்குக் கட்டுற மாதிரி கழுத்துல மெட்டு கட்டியிருக்கும், நரம்பால. ஆறு தந்தி. ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, வில்லைத் தலைகீழாப் பிடிச்சு இழுக்கணும். சத்தம் வெளிய வராது, தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி இருக்கும். சுருதி சேக்கவே கால் மணி நேரம் ஆகும் அவருக்கு. குளிருக்கு ஒரு சுருதி, ஹீட்டருக்கு ஒரு சுருதி.

அவரு ஒரு கதை சொல்லிக்கிட்டே இருப்பாரு. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததாம். அவங்க ஜெர்மன் தேசத்துல சண்டை. அரண்மனையில வாத்தியக்காரங்களுக்குச் சம்பளம் நின்னு போச்சு. ராஜாவுக்குப் பீரங்கி வாங்கவே காசு பத்தலையாம், வயலினுக்கு எங்க குடுப்பான். அதனால ஒவ்வொருத்தனா கப்பலேறி லண்டனுக்குப் போயிட்டாங்க. அங்க அப்ப ராஜாவும் ஜெர்மன் வம்சந்தானாம். ஒருத்தன் போய், இன்னொருத்தனுக்குக் காயிதம் போட்டு வரச்சொல்லி, ஒரு வீட்ல சேந்து தங்கி, அப்படித்தான். நான் சொன்னேன், இது பக்கத்துல எடிசன் ஊருல நம்ம பசங்க ஒரு ரூம்ல ஆறு பேரு கிடந்த கதைதானன்னு. அவருக்கு ஒரே சிரிப்பு. ஆமா சேனா, அவங்க கையில வாத்தியம், உங்க பசங்க கையில கம்ப்யூட்டர்னாரு.

லண்டன்ல பெரிய பெரிய பிரபு வீட்ல வாசிப்பாங்களாம். கச்சேரின்னு நெனைக்காதீங்க. ஒரு ரூம்ல நாலே பேரு, பாட்டு கிடையாது, வாய்ப்பேச்சு கிடையாது, நாலு வாத்தியம் மட்டும். பிரபு சீட்டு விளையாடிக்கிட்டு இருப்பான், அந்தம்மா கேக்கு தின்னுக்கிட்டு இருக்கும். சில நேரம் பிரபுவே ஒரு புல்லாங்குழலை எடுத்துக்கிட்டு வந்து நடுவுல உக்காந்துக்குவானாம். அவன் தப்புத் தப்பா ஊதுவான். அவனை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கீழ் சுரம் வாசிக்கிற ஜெர்மன்காரன்தான் நின்னு, காத்திருந்து, ஓடி, அவனைத் தாங்கிப் பிடிச்சுக் கரை சேக்கணும். கேட்டவங்களுக்குப் பிரபு பிரமாதமா வாசிச்ச மாதிரி இருக்கும். வால்ட்டரு அதைத்தான் சொல்லுவாரு. கீழ் வரிதான் சேனா எல்லாத்தையும் தாங்குது, அதை யாரும் கேக்க மாட்டாங்கன்னு.

எனக்கு அது பிடிச்சுப்போச்சு. அட்டைக்குள்ள இருக்குற தையலை எவன் பாக்குறான்?

இருங்க. ...உங்களுக்குக் கேக்குதா? வெளிய.

ஹீட்டரா. ஹீட்டராத்தான் இருக்கும். இன்னிக்கு என்ன கிழமை? புதனா? சரி, சரி. அப்ப ஒண்ணுமில்ல.

விஷயத்துக்கு வர்றேன். அவருகிட்ட நாலு புத்தகம் இருந்துச்சு. நாலும் நோஞ்சானா, இத்தினி தண்டி. எழுபத்தெட்டுலயோ என்னமோ லண்டன்ல ஒரு ஏலத்துல, வேற ஏதோ சாமானோட சேந்து வந்ததாம். அச்சுப் புத்தகம் இல்ல, கையால எழுதின சுரப் புத்தகம். அந்த மாதிரி லண்டனுக்குப் போன ஒரு ஜெர்மன்காரன் எழுதினதாம். அவன் பேரு எதுலயும் இல்ல. உலகத்துல இந்த ஒரு பிரதிதான் இருக்குன்னு வால்ட்டரு சொன்னாரு. கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கப்பான்னு ஹானா பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருந்துச்சாம்ல? அதையும் என் கணக்குல எழுதாதீங்க. அவரு கேக்கல. பிடிவாதக்காரரு. அதுல கீழ் வரி அவரு வாத்தியத்துக்கு. பழைய சிநேகிதங்க மூணு பேரு மாசம் ஒருக்கா வருவாங்க, நாலு பேரும் உக்காந்து அதைத்தான் வாசிப்பாங்க. மேல இருக்குற எனக்கு, இந்தத் தரைக்கு அடியில இருந்து, லேசா கேக்கும்.

போன வருஷம் செப்டம்பர்ல அந்த நாலையும் ஒரு துணியில சுத்திக் குடுத்தாரு. அட்டை எல்லாம் பொடியாக் கொட்டுது. நீ சரி பண்ணு சேனா, பண்ணி முடி, அடுத்த தடவை அவங்க வர்றப்ப உன்னைய முன்னால உக்கார வச்சு முழுசா வாசிச்சுக் காட்டுறேன். உனக்காகன்னாரு. உனக்காகன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு. எனக்காக யாரும் எதுவும் வாசிச்சதில்லம்மா. கல்யாணத்துல மேளம் வாசிச்சதுகூட மாமனாருக்காக.

பதினோரு நாளு. பகல் பூரா அதே வேலை. நாலையும் விரிச்சுப் பாத்தேன். ஒரே அளவு. ஒரே தாளு. முதப் பக்கத்துல நாலுலயும் ஒரே மாதிரி எழுத்து, அடியில மட்டும் ஒரு சின்ன வார்த்தை மாறுது. எனக்கு என்ன தோணும்? ஒரு புத்தகம் நாலா பிரிஞ்சு கிடக்கு. முதல் பாகம், ரெண்டாம் பாகம். எங்க கடைக்கு அப்படித்தான் வரும், பழைய புராணமெல்லாம் தொகுதி தொகுதியா. சேத்துத் தச்சு ஒரே அட்டையாப் போட்டுக் குடுப்போம், அதான் மரியாதை. தனித்தனியா விட்டா நாளைக்கு ஒண்ணு தொலைஞ்சு போகும்ல?

சேத்துத் தச்சேன். எடிசன்ல துணிக்கடையில தேடி, அட்டைக்கு ஒட்டுற காலிகோ துணி கிடைக்காம, நல்ல சிவப்புத் துணி வாங்கி ஒட்டினேன். மூலைக்குத் தோலு. ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு இறுக்கி, கத்தியைத் தீட்டி, மூணு பக்கமும் வெட்டினேன். வெட்டு விழாத புத்தகத்தை எங்க ஊருல புத்தகம்னே சொல்ல மாட்டாங்க. கண்ணாடி மாதிரி வந்துச்சு ஓரம். விரலை வச்சா வழுக்கும்.

அது ஒவ்வொருத்தன் முன்னால ஒண்ணொண்ணா, நாலு ஸ்டாண்டுல வைக்கிற புத்தகம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? மேல இருந்து கேட்டவன், பாத்தவன் இல்லியே. காப்பிக்குப் போறப்ப அவரு தனியாத்தான் வாசிப்பாரு, அதுவும் கண்ணை மூடிக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இது நாலும் நாலு பேருக்குன்னு. சொல்லல. அதான் நான் சொல்றேன், முதல்ல தப்புப் பண்ணது அவருன்னு.

கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கினாரு. பிரிச்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ஒரு பக்கத்தோட அடி ஓரத்துல பெருவிரலை வச்சு இங்கிட்டும் அங்கிட்டும் தேச்சாரு. நான் நெனச்சேன், வழுவழுப்பைப் பாக்குறாருன்னு. தேங்க்யூ சேனான்னாரு. அன்னிக்குக் காப்பி குடுக்க மறந்துட்டாரு.

ரெண்டு வாரம் கழிச்சு அந்த மூணு பேரும் வந்தாங்க. என்னையக் கூப்பிடுவாங்கன்னு சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். கீழ நாற்காலி இழுக்குற சத்தம். பேச்சு. ஒரு தந்தியைக்கூட யாரும் தொடல. அன்னிக்கு லீவு நாளு, ஜெயபிரகாஷ் வீட்ல இருந்தான். வாடா போய்ப் பாப்போம்னு கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த மூணு பேர்ல புல்லாங்குழல் வாசிக்கிற அம்மா அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுச்சு. நாலு பேரு எப்படி ஒரு புத்தகத்தைப் பாத்து வாசிக்கிறதுன்னு. சரி, அதைப் பிரிச்சு மறுபடி நாலாத் தச்சுத் தர்றேன்டா, ரெண்டு நாளு வேலைன்னேன். அது இல்லப்பா, அடி ஓரம்னான். அந்தக் காலத்துல தாளு விலை அதிகம்னு, அந்த ஜெர்மன்காரன் தன்னோட பாகத்தை, அதான் இப்ப வால்ட்டரு வாசிக்கிற கீழ் வரியை, ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதியிருக்கான். மத்தவங்களுக்கு இடம் விட்டு எழுதியிருக்கான், தனக்கு மட்டும் விடல. நான் வெட்டினதுல அவன் புத்தகத்துல மட்டும், ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி வரி போயிருச்சு.

வெட்டின துண்டெல்லாம் எங்கன்னு கேட்டாங்க. செவ்வாக்கிழமை காகிதக் குப்பை எடுக்குற வண்டி வரும்லம்மா. நான் அதுலதான் போட்டேன். சுத்தமாக் கட்டித்தான் போட்டேன்.

அப்ப என் மகன் இங்கிலீஷ்ல என்னமோ சொன்னான். அந்த அளவுக்கு இங்கிலீஷு எனக்கும் வெளங்கும். ஸாரி, எங்கப்பா படிக்காதவரு, அவருக்குத் தெரியாதுன்னான். என் எதிர்லயே. அவனை விடுங்க, அவன் அப்படித்தான். ஆனா வால்ட்டரு தலையாட்டினாரு. ஆமான்னு தலையாட்டினாரும்மா. என் முகத்தைப் பாக்காம, அந்தப் புத்தகத்தைப் பாத்துக்கிட்டே. ஒரு வருஷம் அவருகூடக் கஷாயம் குடிச்சிருக்கேன். திட்டியிருக்கலாம். கண்டபடி திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு விட்டிருப்பேன். படிக்காதவன்னு தலையாட்டுறதாவது!

அதோட நான் பேசுறதை நிறுத்திட்டேன். இல்ல, அவரு நிறுத்தல, நாந்தான். அவரு கீழ நடக்குறப்ப ஜன்னலைப் பாத்துக் கையைத் தூக்குவாரு. நான் திரைச்சீலையை இழுத்து விட்டுருவேன். ஒரு தடவை வாசல்ல ஒரு டப்பா பிஸ்கட் வச்சுட்டுப் போயிருந்தாரு. அப்படியே கொண்டுபோய் அவரு வாசல்ல வச்சேன். பசியோடதான் வச்சேன். ஆறு வாரம் இப்படி. எழிலரசிகூடச் சொல்லுச்சு, மாமா, எம்பது வயசு மனுசர், போனாப் போகுதுன்னு. உனக்குத் தெரியாதும்மா, நீ பேசாம இருன்னுட்டேன். எனக்கு மனசுல ஒண்ணு ஏறுச்சுன்னா எறங்காது. எங்க முதலாளிகிட்ட பதினாலு வருஷம் பேசாம அதே கடையில வேலை பாத்தவன் நான்.

அந்தச் சத்தமா? அதைப் பத்தி ஹானா சொல்லுச்சா? அதுக்கு யாரு சொன்னது? ஜெயபிரகாஷா. அவனுக்கு வேற வேலை என்ன. எங்கப்பாவுக்கு டாக்டரைப் பாக்கணும்னும் சொல்லியிருப்பானே.

ஆமா, கேக்குது. வியாழக்கிழமை நாலு மணிக்கு. கீழ் வீடு காலியாத்தான் கிடக்கு, வீடு வாடகைக்கு விடுற ஆபீஸ்காரன் பெயிண்ட் அடிச்சு, கார்ப்பெட்டை மாத்தி, பூட்டி வச்சிருக்கான். கீழ இருந்து வரல. வாசல்ல இருந்து வருது. படிக்கட்டு முடியிற இடத்துல. சுருதி சேக்குற சத்தம். ஒரு தந்தி, அடுத்த தந்தி, கொஞ்சம் திருகு, மறுபடி. ஆறும் சேந்துரும். சேந்ததும் நின்னுரும். வில்லைத் தூக்கிட்டு ஆரம்பிக்கப் போறப்ப ஒரு மூச்சு இழுப்பாங்கள்ல, அது வரைக்கும் கேக்கும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கதவைத் திறந்தா வெறும் படி. பேயா இருந்தா பரவாயில்லம்மா, பேய்னா வேப்பிலை இருக்கு, விபூதி இருக்கு, இங்க பிரிட்ஜ்வாட்டர்ல பெருமாள் கோயில் இருக்கு. ஆரம்பிக்காம நிக்கிறவரை என்ன பண்றது?

தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு வேணும்.

அவரு செத்துப்போன அன்னிக்குப் போலீஸ் வந்தப்ப என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஜெயபிரகாஷ்கிட்டக் கேட்டாங்க. எங்கப்பாவுக்கு இங்கிலீஷு வராது, பகல்ல தூங்குவாருன்னு சொல்லிட்டான். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. தபால் போடுற அம்மாதான் முதல்ல பாத்தது, நாலே முக்கால் இருக்கும். படியோட பாதியில, வாத்தியத்தைக் கட்டிப் பிடிச்ச மாதிரி கிடந்தாராம். ஹார்ட்டுன்னாங்க. ஏறுறப்பதான் விழுந்திருப்பாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ஹானாவும் அப்படித்தான நெனச்சுக்கிட்டு இருக்கு?

ஏறுறப்ப இல்லம்மா. எறங்குறப்ப.

அன்னிக்கு வியாழக்கிழமை, நாலு மணிக்கு பெல் அடிச்சுச்சு. கதவுல ஓட்டை இருக்குல்ல, அதுல பாத்தேன். அவருதான். கோட்டு போட்டு, தலை சீவி, மடக்கு நாற்காலி ஒரு கையில, வாத்தியம் ஒரு கையில. ரெண்டையும் பதினாலு படி எப்படித் தூக்கினாரோ. மூச்சு வாங்குது. புத்தகம் இல்ல. சேனான்னு கூப்பிட்டாரு. ஓட்டையில என் நிழல் தெரிஞ்சிருக்கணும், அவருக்கு நான் நிக்கிறது தெரியும். சேனா, அந்த வரி எனக்கு ஞாபகம் இருக்கு, எல்லாப் பக்கமும் விரல்ல இருக்குன்னு சொல்லி விரலைத் தூக்கிக் காட்டினாரு. உனக்காகன்னாரு.

நான் திறக்கல. ஆறு வாரம் தாங்கினவன், கெஞ்சட்டும், இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு நின்னேன். அவரு கூப்பிடல. நாற்காலியை விரிச்சு எங்க வாசல்லயே உக்காந்தாரு. சுருதி சேத்தாரு. ரொம்ப நேரம். அப்புறம் ஆரம்பிச்சாரும்மா. வாசிச்சாரு. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, நான் வெட்டிப் போட்டதை.

நான் போய் டிவியைப் போட்டேன். ஒரு சீரியல். சத்தத்தை ஏத்தினேன், எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. விளம்பரம் எல்லாம் பாத்தேன். அது முடிஞ்சு அமத்தினப்ப வெளிய சத்தம் இல்ல. ஓட்டையில பாத்தேன், நாற்காலி மட்டும் இருந்துச்சு. அந்த நாற்காலியை உள்ள எடுத்து வச்சேன், யாரும் பாக்குறதுக்கு முன்னால. எதுக்கு எடுத்தேன்னு தெரியல. அப்பத்தான் கீழ அந்த தபாலம்மா கத்துச்சு.

ஹானாகிட்ட இதை இப்படியே சொல்லுங்க, ஒண்ணும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல வேண்டாம். அந்த ஜெர்மன்காரன் எழுதினதுல அந்த வரி இனிமே எங்கயும் கிடையாது, அதையும் சொல்லுங்க. அழுதா அழட்டும். ஆனா இன்னொண்ணையும் சேத்துச் சொல்லணும். முன்னால உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுறேன்னு உங்கப்பா எனக்கு வாக்குக் குடுத்தாரு. வெளிய வாசிச்சதெல்லாம் கணக்குல சேராது, நான் கேக்கல. அது இன்னும் எனக்கு வர வேண்டியதுதான். முழுசும் வேண்டாம். மத்த மூணு பேரும்கூட வேண்டாம். நான் வெட்டினது மட்டும் போதும். அதை அவரு எனக்குத் தரணும்.